விடுதி, பள்ளி, காப்பகத்தில் நடந்த பாலியல் வன்முறை: வேலூர் வட்டாரத்தில் என்ன சட்ட வழிகள் உண்டு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீட்டை விட்டு வந்து தங்கியிருப்பவர்கள் ஏராளம். பள்ளி விடுதி, நர்சிங் மாணவியர் விடுதி, குழந்தைகள் காப்பகம், ஆதி திராவிடர் நல விடுதி, மலையில் உண்டு உறைவிடப் பள்ளி, ஆம்பூர் பக்கம் தோல் மற்றும் ஷூ கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதி என்று பலவகை. நம்பி ஒப்படைத்த இடத்திலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்குக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும், அவரைச் செலவில்லாமல் பெறும் வழியும் கீழே இருக்கிறது.

முதலில் எங்கே போவது?

நிறுவனத்துக்கு வெளியே. தலைமையாசிரியர், தாளாளர், வார்டன், ஃபாதர், சாமியார், ஹஜ்ரத் யாராக இருந்தாலும் அவர்களிடம் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் 1098-ஐ அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள். பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கிறது. பெண்களுக்கு 181, உடனடி ஆபத்து என்றால் 112. நேரில் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். ஆனால் அங்கேதான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, எந்தக் காவல் நிலையமும் புகாரை வாங்கியாக வேண்டும். காயமோ வலியோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போலீஸ் அப்புறம் வரும்.

குழந்தை ஸ்டேஷனுக்கு வர வேண்டிய கட்டாயமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி குழந்தை இருக்கும் வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தக் குழந்தையையும் எந்தக் காரணத்துக்காகவும் இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இது அடிக்கடி தேவைப்படும். பிள்ளை பாதித் தமிழில் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் பின்னால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் பலருக்குத் தோன்றும். அங்கே வரிசையில் நூறு பேர், கூடவே கேமராக்கள். பிள்ளையின் பெயர் எழுதிய மனுவோடு அங்கே நிற்க வேண்டாம்.

'வெளியே போக வேண்டாம், நாங்களே கமிட்டி போட்டு விசாரிக்கிறோம்' என்கிறது நிர்வாகம். ஒத்துக்கொள்ளலாமா?

கமிட்டி போடட்டும், அது அவர்கள் பாடு. அது போலீஸ் புகாருக்கு மாற்று ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால், விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். இது 21-ஆம் பிரிவு. 'எங்கள் கமிட்டி அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தோம்' என்பதற்கு அங்கே விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. பள்ளி, காப்பகம் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் தெரிந்தவுடன் போலீஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டது. மறைப்பது கடுமையான குற்றம் என்று 2022-ல் மறுபடியும் சொன்னது.

நடப்பது என்ன? சம்பந்தப்பட்டவரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு, 'பார், அனுப்பிவிட்டோம்' என்பார்கள். அவர் நடத்தைச் சான்றிதழோடு அடுத்த ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார். உள் விசாரணையின்போது பிள்ளையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரிலேயே நிற்க வைத்து நாலு பேர் மாற்றி மாற்றிக் கேட்பதும் நடக்கிறது. சட்டம் தடுக்க நினைத்ததே இதைத்தான். கமிட்டியில் பிள்ளை எழுதிக்கொடுத்த கடிதம் பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் ஆயுதமாகும் என்பதையும் நிர்வாகம் சொல்லாது. அதனால் போலீஸ் புகாருக்கு முன்னால் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் துறை நடவடிக்கை தனியாக உண்டு. 2012-ல் வந்த 121-ஆம் எண் அரசாணைப்படி பணிநீக்கத்தோடு அவருடைய கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்ய முடியும். குற்ற வழக்கும் இதுவும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது போதுமா?

போதாது. சிஎஸ்ஆர் என்பது புகார் மனு வந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு தொடங்குவது எஃப்ஐஆர் போட்ட பிறகு. அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

'சம்பவம் நடந்தது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்து, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் புகார் தரலாம். 3 நாட்களுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பாலியல் வன்கொடுமை போன்ற புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு. இந்தப் பிரிவைப் புகாரின் கடைசி வரியில் பணிவாகக் குறிப்பிட்டாலே சில இடங்களில் வேலை நடக்கும்.

நடந்து பல வருடமாகிவிட்டது. இப்போது சொன்னால் எடுபடுமா?

எடுபடும். ஆனால் எந்தச் சட்டம் பொருந்தும் என்பது சம்பவம் நடந்த நாளைப் பொறுத்தது. புகார் கொடுக்கும் நாளைப் பொறுத்ததல்ல.

2012 நவம்பர் 14-க்குப் பிறகு, நீங்கள் 18 வயதுக்குக் கீழே இருந்தபோது நடந்தது என்றால் போக்சோ. இன்று உங்களுக்கு 25 வயதானாலும் அதே சட்டம்தான். காலவரம்பு என்பது 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே. உடலைத் தொட்டுச் செய்த குற்றங்கள் எல்லாவற்றுக்கும் போக்சோவில் அதைவிட அதிக தண்டனை இருப்பதால் அவற்றுக்குக் காலவரம்பு கிடையாது. ஆபாசப் பேச்சு, சைகை, பின்தொடர்தல் போன்ற பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும் தண்டனை 3 ஆண்டு வரை என்பதால் அதற்கு 3 ஆண்டுக் கெடு உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதையும் ஏற்கலாம்.

2012-க்கு முன்னால், ஏன், இந்த வட்டாரம் முழுக்க வட ஆற்காடாக இருந்த காலத்தில் நடந்ததாக இருந்தாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும். சிறுமிகளுக்கு நடந்த வன்புணர்வுக்கு 376, பையன்களுக்கு நடந்ததற்கு 377. இரண்டுக்கும் ஆயுள் வரை தண்டனை இருந்ததால் காலவரம்பு இல்லை. அந்தச் சட்டம் 2024-ல் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அது நடப்பில் இருந்த காலத்துக் குற்றங்களை அதன் கீழேயே விசாரிக்கலாம். மானபங்கம் என்ற 354-ஆம் பிரிவுக்கு 2013 வரை 2 ஆண்டுதான் அதிகபட்சம், ஆகவே அந்த வகைப் பழைய புகார்கள் கெடுவில் சிக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, ஸ்டேஷன் வாசலில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

சட்டம் அனுமதிப்பது வேறு, நிரூபிப்பது வேறு. பழைய வழக்கில் மருத்துவச் சான்று இருக்காது. அதனால் சின்னச் சின்னக் காகிதங்கள் பெரிய வேலை செய்யும். அந்த ஆண்டு அந்த விடுதியில் நீங்கள் தங்கியதைக் காட்டும் டிசி, மதிப்பெண் பட்டியல், விடுதிக் கட்டண ரசீது, குரூப் போட்டோ, வீட்டுக்கு எழுதிய கடிதம் இவற்றைத் தேடி எடுங்கள். அப்போதே யாரிடமாவது, அக்காவிடமோ பக்கத்துக் கட்டில் தோழியிடமோ, சொல்லியிருந்தால் அவர் முக்கியமான சாட்சி. அதே ஆளால் பாதிக்கப்பட்ட இன்னொருவர் தைரியமாக முன்வந்தால் வழக்கின் எடையே மாறிவிடும். ஆனால் அவர்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக உட்கார்ந்து கதையை ஒத்துப் பார்க்காதீர்கள். 'சொல்லிக் கொடுத்த சாட்சி' என்று கோர்ட்டில் தள்ளிவிடுவார்கள். பெயரை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள், அவர் தேடட்டும்.

குற்றம் செய்தவர் இறந்திருந்தால் அவர் மீது குற்ற வழக்கு நடத்த முடியாது.

அப்போது அது வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை. எங்கே புகார் கொடுப்பது?

2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் வரும் குழப்பம் இது. நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே கொடுங்கள், சென்னையானாலும் ஓசூரானாலும். எந்த நிலையம் விசாரிக்க வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சித்தூர் பக்கத்திலிருந்து வந்து படித்த பிள்ளைகளுக்கும் இதே பதில்.

மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்ஐஆர் வேண்டுமா?

வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனாலும் தனியார் மருத்துவமனை ஆனாலும் உடனே, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். மறுப்பது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். தகவலை மருத்துவமனையே போலீஸுக்குச் சொல்லும். சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, பிள்ளை நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்கலாம்.

நேரம் இங்கே முக்கியம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தடய மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டி. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பரில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் பட்டுத் தடயம் கெடும். குளித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம், அப்போதும் போகலாம்.

பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' செய்யக் கூடாது. செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லிவிட்டது. யாராவது முயன்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கருவுற்றிருந்தால் 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பாதிக்கப்பட்டது பையன். சட்டம் உண்டா?

18 வயதுக்குள் என்றால் முழுமையாக உண்டு. போக்சோ ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. ஆண்கள் விடுதிகளில் நடப்பதைக் 'கிண்டல்', 'ராகிங்' என்று சொல்லி மூடுவதுதான் வழக்கம். மூத்த மாணவன் செய்தாலும் குற்றம் குற்றமே. அவனுக்கும் 18 ஆகவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

18 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு நிலைமை மோசம். பழைய 377-ஆம் பிரிவு இருந்தவரை சம்மதமில்லாத உறவுக்கு அது பொருந்தியது. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவையே விட்டுவிட்டார்கள். 2024 ஜூலைக்குப் பிறகு வயது வந்த ஆணுக்கு நடந்தால் காயப்படுத்தியது, அடைத்து வைத்தது, மிரட்டியது என்ற பிரிவுகளில்தான் வழக்குப் போட முடிகிறது. இது அப்பட்டமான ஓட்டை, நாடாளுமன்றம்தான் அடைக்க வேண்டும். திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதில் பாலியல் கொடுமைக்கு அதிகபட்சமே 2 ஆண்டுதான்.

நிறுவனத்தில் நடந்தால் தண்டனை கூடுமா?

கூடும். பள்ளி, மத நிறுவனம், மருத்துவமனை, காப்பகம், கூர்நோக்கு இல்லம் ஆகியவற்றின் நிர்வாகியோ ஊழியரோ அங்கே உள்ள குழந்தையிடம் செய்வது போக்சோவில் மோசமான வகைக் குற்றம். ஊடுருவிய வன்முறைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டு, ஆயுள் முழுக்கவும் போகலாம், மரண தண்டனைக்கும் இடம் இருக்கிறது. உடலைத் தொட்ட குற்றத்துக்கு 5 முதல் 7 ஆண்டு. வயது வந்த பெண் என்றாலும், ஆசிரியர், விடுதிப் பொறுப்பாளர், மருத்துவமனை ஊழியர் போன்றவர் செய்த வன்புணர்வுக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். குழந்தையின் 'சம்மதம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெயர் வெளியே வந்துவிடுமா?

வரக் கூடாது. பெயர் மட்டுமல்ல, முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. இத்தகைய எஃப்ஐஆரைப் போலீஸ் இணையத்தில் ஏற்றக் கூடாது. அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்ஐஆர் கசிந்தபோது, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் அரசுக்கு உத்தரவிட்டது.

உண்மையைச் சொன்னால், ஊரில் பெயர் பரவுவது பெரும்பாலும் பத்திரிகையால் இல்லை, வாட்ஸ்அப் குரூப்பால். 'நியாயம் கேட்கிறோம்' என்று பெற்றோர் குரூப்பில் பிள்ளையின் படத்தைப் போடுபவர்களும் சட்டத்தை மீறுகிறார்கள். சம்பவத்தின் வீடியோவோ படமோ யாராவது அனுப்பினால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், ஆதாரமாக இருக்கட்டும் என்றுகூட. போனை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள்.

கோர்ட்டில் பிள்ளையைப் போட்டு வாட்டுவார்களா?

வாட்டக் கூடாது என்பதற்காகவே சிறப்பு நீதிமன்றம். வேலூரில் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் போக்சோ நீதிமன்றம் இருக்கிறது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படாதபடி திரையோ வீடியோ இணைப்போ வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிள்ளையிடம் நேராகக் கேட்கக் கூடாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்பார். பிள்ளையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. இவை எல்லாம் 33, 36, 37-ஆம் பிரிவுகளில் இருப்பவை. அறையில் நடப்பது வேறாக இருந்தால் உங்கள் வழக்கறிஞர் எழுந்து சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பே மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு வாக்குமூலம் பதிவாகும், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ஊரில் '164' என்று இன்னும் சொல்வார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 183-ஆம் பிரிவு. பிள்ளைக்கு இதைப் பயமில்லாமல் விளக்க 'ஆதரவு நபர்' ஒருவரை, மாவட்டத்தில் குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். கேட்டு வாங்குங்கள், பலருக்கு இப்படி ஒருவர் உண்டு என்பதே தெரிவதில்லை.

வழக்கு ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்கிறது சட்டம். 'கூடுமானவரை' என்ற சொல்லும் அதிலேயே இருக்கிறது. வாய்தா விழும், இழுக்கும், மனதளவில் தயாராக இருங்கள்.

பார்த்தவர்கள் யாருமே இல்லையே?

இந்தக் குற்றத்தை யாரும் சாட்சி வைத்துக்கொண்டு செய்வதில்லை. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும் என்பதும், புகார் தாமதமானது என்பதாலேயே பொய் ஆகாது என்பதும் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது. போக்சோவில் அடிப்படைச் செய்திகளை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், 29-ஆம் பிரிவுப்படி தான் செய்யவில்லை என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மேல் விழும்.

பணம் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களும் வந்து பேசுகிறார்கள்.

வாபஸ் என்ற ஒன்றே இதில் இல்லை. வழக்கு நடத்துவது அரசு, நீங்கள் சாட்சி. பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவியின் குடும்பத்தோடு சமரசமாகிவிட்டதாகச் சொல்லி ரத்து செய்யப்பட்ட ராஜஸ்தான் வழக்கை, அந்தச் சமரசம் செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உயிர்ப்பித்தது. கட்டப்பஞ்சாயத்தில் வாங்கிய பணம் கடைசியில் உங்களையே பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சி, ஆக்கும்.

மிரட்டினால் அது தனிக் குற்றம், தனிப் புகார் கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சாட்சிப் பாதுகாப்பும் கேட்கலாம்.

இழப்பீடு எப்படிக் கிடைக்கும்?

தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம், குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் என்றும் இல்லை. எஃப்ஐஆர் போட்ட பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு தரப் போக்சோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு தர வேண்டும். சாப்பாடு, உடை, போக்குவரத்து போன்ற அவசரச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் தர வேண்டும்.

தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம். மைனர் என்றால் அதற்கு மேல் 50 சதவீதம் கூட. போக்சோ நீதிமன்றங்களும் இதை வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, குற்றம் செய்தவர் அப்படி இல்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். எஃப்ஐஆரில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், விட்டுவிடுவது சகஜம். வன்புணர்வுக்கு அரசு நிவாரணத்தில் பாதி, மருத்துவ அறிக்கை உறுதியானதுமே கிடைக்கும். கால் பங்கு குற்றப்பத்திரிகையின்போது, மீதி கீழ்க் கோர்ட் விசாரணை முடிந்ததும். நல விடுதிகளிலும் மலைப் பள்ளிகளிலும் இது மிக முக்கியம்.

நிறுவனத்தின் மீதே நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம், மைனராக இருந்தவருக்கு 18 வயது நிரம்பியதிலிருந்துதான் கெடு ஓடும். ஆனால் நம் ஊரில் அந்த வழி மெதுவானது. அரசு நடத்தும் இல்லம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது மேல்.

கல்லூரி மாணவிக்கும் கம்பெனி விடுதிப் பெண்ணுக்கும் வேறு வழி உண்டா?

போலீஸ் புகாரோடு கூடுதலாக உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கல்லூரிகளில் மாணவிகளுக்கும் அது பொருந்தும், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2015-ல் விதி போட்டது. அப்படிக் குழுவே இல்லாத இடத்திலோ, முதலாளியே குற்றவாளி என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சமூக நலத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். புகார் கொடுக்கக் கெடு 3 மாதம்தான், காரணம் காட்டினால் இன்னொரு 3 மாதம். குழு 90 நாளில் முடிக்க வேண்டும். குற்றம் செய்தவரை வேலையை விட்டுத் தூக்குவது போன்ற நடவடிக்கைக்கு இது உதவும், ஜெயிலுக்கு அனுப்ப உதவாது.

காப்பகத்தில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோரே இல்லை. யார் பார்ப்பார்கள்?

24 மணி நேரத்துக்குள் போலீஸ் அந்தக் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். வேறு இடத்துக்கு மாற்றுவதா என்று குழு 3 நாளில் முடிவு செய்யும். அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவானதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக் காப்பகங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது பற்றிய வழக்கில்தான், 2017 மே மாதம், நாடு முழுக்க எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. மகளிர், குழந்தைகள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி உரிமம் வேண்டும். பதிவோ உரிமமோ இல்லாதது நிர்வாகத்தின் மீது இன்னொரு வழக்கு.

பேச்சு வராத, புரிதல் குறைந்த பிள்ளை என்றால் சிறப்புக் கல்வியாளரை வைத்தே வாக்குமூலம் வாங்க வேண்டும். குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்ததும் மோசமான வகைக் குற்றமே.

டிசி தர மாட்டோம், சான்றிதழைப் பிடித்து வைப்போம் என்கிறார்கள்.

8-ஆம் வகுப்பு வரை டிசி தாமதமானாலும் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், கல்வி உரிமைச் சட்டம். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-ல் சொன்னது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் சொன்னால் பள்ளி மாற்றத்துக்கு உதவுவார்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, போனில் 15100. அரசு வழக்கறிஞர் இருக்கும்போது இவர் எதற்கு என்பார்கள். அரசு வழக்கறிஞர் அரசுக்காக. இவர் உங்களுக்காக, உங்களிடம் பேச, ஜாமீன் மனுவை எதிர்க்க, இழப்பீடு கேட்க.

நான் பாதிக்கப்பட்டவர் இல்லை. அந்த விடுதியில் வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரியும்.

சமையல்காரர், காவலாளி, ஆயா யாராக இருந்தாலும் 19-ஆம் பிரிவு உங்களுக்கும்தான். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது என்று அதே பிரிவு சொல்கிறது. முதலில் வார்டனிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டியதில்லை. போலீஸிடமோ 1098-இலோ சொல்லுங்கள். பிள்ளையின் பெயர், எந்த அறை, என்ன பார்த்தீர்கள், என்றைக்கு என்பது போதும், ஆதாரம் தேடிக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை. எழுத்தில் கொடுத்தால் ஒரு நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்கி, விடுதிக்கு வெளியே, உங்கள் வீட்டில் வையுங்கள்.